முறையற்ற பணிநீக்கம் (இந்தியா)

முறையற்ற பணிநீக்கம் என்பது தகுந்த காரணம் இன்றியோ, சட்டம் வகுத்துள்ள நடைமுறையைப் பின்பற்றாமலோ, பழிவாங்கும் நோக்குடனோ ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதைக் குறிக்கும். நீக்கப்பட்டவர் மீண்டும் அதே பணியைப் பெறுவதற்கும், வழக்கு முடியும்வரை பிழைப்பு நடத்துவதற்கும், வேறு வேலை தேடிக்கொள்வதற்கும் உள்ள வழிகள் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றில் எடுக்கும் முடிவு மற்றொன்றில் கிடைக்கும் நிவாரணத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். இந்தியாவில் இவ்வழிகள் சட்டங்களைக் காட்டிலும் நீதிமன்றத் தீர்ப்புகள் வாயிலாகவே பெரும்பாலும் உருப்பெற்றுள்ளன.

1947 ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் நெடுங்காலம் இத்துறையின் அடிப்படைச் சட்டமாக இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 2020 அதன் இடத்தைப் பிடித்தது. எனினும் பழைய சட்டத்தின் கீழ் எழுந்த கோட்பாடுகள் பலவும் புதிய சட்டத்தில் ஏறக்குறைய அதே சொற்களில் இடம்பெற்றுள்ளன.

எது முறையற்றது

தொழில் தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை நிர்வாகத்தின் முறையற்ற தொழில் நடவடிக்கைகளைப் பட்டியலிட்டது. அதில் பணிநீக்கம் பற்றிய பகுதி குறிப்பிடத்தக்கது. பழிவாங்கும் வகையில் நீக்குதல், நல்லெண்ணமின்றி நீக்குதல், பொய்யான குற்றவழக்கில் சிக்கவைத்து நீக்குதல், வெளிப்படையாகவே பொய்யான காரணம் காட்டி நீக்குதல், விடுப்பின்றி வராமலிருந்ததாகப் பொய்க் குற்றம் சாட்டி நீக்குதல், இயற்கை நீதியைப் புறந்தள்ளி அவசர அவசரமாக உள்விசாரணை நடத்தி நீக்குதல், சிறு தவற்றுக்கு அளவுக்கு மீறிய தண்டனையாக நீக்குதல் ஆகியன அதில் அடங்கும். தொழிற்சங்க வழக்குகளில் இவற்றுள் கடைசி மூன்றும் மிகுதியாகக் காணப்படுகின்றன. புதிய தொகுப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலும் இப்பட்டியல் தொடர்கிறது.

ஆட்குறைப்பு இதனின்றும் வேறானது. அது தண்டனையாக அல்லாமல் நீக்குவதாகும். ஓராண்டில் 240 நாட்கள் பணியாற்றியவரை ஆட்குறைப்புச் செய்வதானால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ அளிக்கவேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகத் தரவேண்டும். இவை தரப்படாவிடில் அந்நீக்கமே செல்லாது என்பது நெடுநாளாக நிலைபெற்ற கோட்பாடு.

முறையற்ற பணிநீக்கத்தின் மூன்றாவது வடிவம் சட்டத்தில் பெயரின்றி உலவுவது. பணியாளரை அறைக்குள் அழைத்து, தாமே விலகுவதாக எழுதித் தருமாறு வற்புறுத்துவதே அது. மறுத்தால் நன்னடத்தைச் சான்று கிடைக்காது என்றும் சொல்லப்படுகிறது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் ஆட்குறைப்பு நடக்கும் காலங்களில் இம்முறை பற்றிய முறையீடுகள் மிகுகின்றன. வற்புறுத்திப் பெற்ற விலகல் கடிதம் சட்டத்தின் பார்வையில் விலகல் ஆகாது. ஆனால் வற்புறுத்தலை மெய்ப்பிக்கும் சுமை கையொப்பமிட்டவர் மீதே விழுகிறது. அன்றோ அடுத்த நாளோ மின்னஞ்சல் வழியாக எதிர்ப்பைப் பதிவு செய்தவரின் நிலை, மூன்று மாதம் கழித்து முறையிட்டவரின் நிலையைவிட வலுவானது.

சட்டத்தின் வளர்ச்சி

ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின்படி வேலை என்பது எசமானுக்கும் பணியாளுக்கும் இடையிலான ஓர் ஒப்பந்தம். அதை முறித்தால் இழப்பீடு கேட்கலாமே அன்றி வேலையைத் திரும்பக் கேட்க இயலாது. விருப்பமில்லாத ஒருவரிடம் வேலைக்கு அமருமாறு நீதிமன்றம் ஆணையிடுவதில்லை என்பதே அதன் அடிப்படை. இந்தியாவில் இந்நிலையை உடைத்தது 1949 இல் கூட்டாட்சி நீதிமன்றம் மேற்கிந்திய மோட்டார் வாகனச் சங்க வழக்கில் அளித்த தீர்ப்பு. தொழில் தீர்ப்பாயம் ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கு மட்டும் ஏற்பட்டதன்று, தொழில் அமைதியின் பொருட்டுப் புதிய கடமைகளையும் சுமத்தலாம், ஆகவே நீக்கப்பட்டவரை மீண்டும் பணியமர்த்த ஆணையிடும் அதிகாரம் அதற்குண்டு என்று அத்தீர்ப்பு கூறியது. இன்றுவரை தொழிலாளர் ஒருவர் "எனக்குப் பணம் வேண்டா, வேலை வேண்டும்" என்று கேட்க முடிவது இத்தீர்ப்பினால்தான்.

அதன் பின்னும் இரு தடைகள் இருந்தன. முதலாவது, தனியொருவரின் நீக்கம் தொழில் தகராறாகக் கருதப்படவில்லை. சங்கமோ கணிசமான தொழிலாளர்களோ அவர் சார்பில் நின்றாலன்றி வழக்கு எழாது. சங்கமில்லாத பட்டறையில் வேலை செய்தவருக்கு வழியே இல்லை. 1965 இல் சேர்க்கப்பட்ட 2ஏ பிரிவு இத்தடையை நீக்கியது. எனினும் அரசு தகராறை நீதிமன்றத்துக்கு அனுப்பினால்தான் விசாரணை என்ற நிலை தொடர்ந்தது. தமிழ்நாடு 1988 இல் மாநிலத் திருத்தம் ஒன்றின் மூலம், சமரசம் தோல்வியுற்ற தொழிலாளர் நேரே தொழிலாளர் நீதிமன்றத்தை அணுகலாம் என்று வகைசெய்தது. நடுவண் அரசு இதே வசதியை நாடு முழுவதற்கும் அளித்தது 2010 இல்தான்.

இரண்டாவது, உள்விசாரணை முறையாக நடந்திருந்தால் தண்டனையின் அளவில் தீர்ப்பாயம் தலையிட இயலாது என்று 1958 இல் இந்தியன் இரும்பு எஃகு நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லை வகுத்திருந்தது. 1971 இல் சேர்க்கப்பட்ட 11ஏ பிரிவு, நீக்கம் மிகையானது எனக் கண்டால் அதைக் குறைந்த தண்டனையாக மாற்றும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அளித்தது. நடைமுறையில் இது மிகுந்த பயன் தந்த திருத்தமாகும். குற்றம் ஓரளவு மெய்ப்பிக்கப்பட்டவர்களும் பின்ஊதியம் இன்றியோ ஊதிய உயர்வை இழந்தோ வேலைக்குத் திரும்ப இது வழிகோலியது.

இச்சட்டங்கள் "தொழிலாளர்" என்ற வரையறைக்குள் வருவோருக்கே பொருந்தும். மேலாளர்கள் அதில் அடங்கார். மேற்பார்வைப் பணியில் இருப்போருக்கு ஊதிய வரம்பு உண்டு. அவ்வரம்பு 2010 வரை மாதம் 1,600 ரூபாயாகவும், பின்னர் 10,000 ரூபாயாகவும், புதிய தொகுப்புச் சட்டத்தில் 18,000 ரூபாயாகவும் உள்ளது. பதவிப் பெயரைக் காட்டிலும் ஒருவர் உண்மையில் செய்த வேலையே கணக்கில் கொள்ளப்படும். "மேலாளர்" என்று பெயர்ப்பலகை பெற்றவர் நாள் முழுதும் கணினியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தால் அவர் தொழிலாளராகலாம். தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 இன் 41 ஆம் பிரிவு மற்றொரு வழியைத் தருகிறது. ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இன்றி நீக்கலாகாது என்பதும், நீக்கப்பட்டவர் உரிய அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதும் அப்பிரிவின் சாரம்.

நீக்கத்தைத் தொடர்ந்து வரும் நாட்கள்

பல வழக்குகள் முதல் வாரத்திலேயே வெல்லப்படுகின்றன அல்லது தோற்கப்படுகின்றன. எழுத்தாணை ஏதும் தராமல் வாயிற்காவலரைக் கொண்டு தடுத்து நிறுத்துவது பழைய வழக்கம். பின்னர் நிர்வாகம், தொழிலாளர் தாமாகவே வேலைக்கு வரவில்லை என்று வாதிடும். ஜே. எம். ஏ. இண்டஸ்ட்ரீஸ் வழக்கு (1993) இத்தகையது. எட்டு நாட்களுக்கு மேல் அறிவிப்பின்றி வராதவர் வேலையை இழப்பார் என்ற நிலையாணையை நிர்வாகம் காட்டியது. 1980 டிசம்பர் 3 முதல் தாம் வாயிலில் தடுக்கப்பட்டதாகத் தொழிலாளர் கூறினார். நிலையாணையில் என்ன இருந்தாலும் விளக்கம் கேட்காமல் ஒருவரின் பிழைப்பைப் பறித்தல் அரசமைப்புச் சட்டத்தின் 14, 21 ஆகிய உறுப்புகளுக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, பாதிப் பின்ஊதியத்துடன் அவரைப் பணியில் அமர்த்தியது. இதற்கு நீக்கத்திலிருந்து 12 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இதன்பொருட்டே, தடுக்கப்பட்ட அன்றே நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிப்பதைத் தொழிற்சங்கங்கள் வலியுறுத்திவந்தன. தந்தி கொடுப்பது ஒரு காலத்தில் வழக்கமாயிருந்தது. 2013 சூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபின் பதிவு அஞ்சலும் மின்னஞ்சலும் அவ்விடத்தைப் பெற்றன. பணி ஆணை, ஊதியச் சீட்டுகள், அடையாள அட்டை, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு விவரம் ஆகியவற்றின் படிகள் வேலையிலிருப்பதையும் பணிக்காலத்தையும் மெய்ப்பிக்கத் தேவைப்படும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இவை பெரும்பாலும் தரப்படுவதில்லை என்பதால், 240 நாள் பணிபுரிந்ததை மெய்ப்பிக்க முடியாமலே அவர்களுள் பலர் தோற்கின்றனர்.

நீக்கம் செல்லுமா என்ற கேள்வி ஒருபுறமிருக்க, நீக்கப்பட்டவருக்கு உடனே சேரவேண்டிய தொகைகள் உண்டு. வேலை செய்த நாட்களுக்கான ஊதியம் இரண்டு வேலை நாட்களுக்குள் தரப்படவேண்டும். ஐந்தாண்டு பணி முடித்தவருக்குப் பணிக்கொடை உரியது. குறிப்பிட்ட சில குற்றங்களுக்காக நீக்கப்பட்டாலன்றி அதை நிறுத்திவைக்க இயலாது. இத்தொகைகளைப் பெற்றுக்கொண்டால் வழக்கு அற்றுவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தருவதில்தான் இடர் உள்ளது. உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்வதாகக் குறிப்பிட்டுக் கையொப்பமிடுவோர் அவ்விடரைத் தவிர்க்கின்றனர்.

முதல் படி தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு அளிப்பதாகும். அங்கு 45 நாட்களில் உடன்பாடு ஏற்படாவிடில் வழக்கு தீர்ப்பாயத்துக்குச் செல்லலாம். 2010 திருத்தம் இதற்கு மூன்றாண்டுக் காலவரம்பு வைத்திருந்தது. புதிய சட்டம் அதை இரண்டாண்டாகச் சுருக்கியுள்ளது. சமரசம் முறிந்ததாக அறிக்கை வந்த 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தை அணுகவேண்டும் என்ற வரம்பும் அதில் உண்டு. சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 1987 இன்படி தொழிலாளர்கள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமானம் எதுவாயினும் இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையோர்.

வழக்குக் காலத்தில் பிழைப்பு

சட்டநூல்கள் சில வரிகளில் கடந்துசெல்லும் இப்பகுதியே நீக்கப்பட்டவரின் வாழ்வில் நெடியது. வழக்கு பத்தாண்டுகள் நீள்வது அரிதன்று. அக்காலத்தில் பிள்ளைகளின் படிப்பும் வீட்டு வாடகையும் காத்திருப்பதில்லை.

விசாரணை முடியும்வரை தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவருக்குப் பிழைப்பூதியம் தரப்படவேண்டும். நடுவண் சட்டத்தின்படி முதல் 90 நாட்களுக்கு ஊதியத்தில் 50 விழுக்காடும், தாமதத்துக்குத் தொழிலாளர் காரணமல்லாதபோது அதன்பின் 75 விழுக்காடும் கிடைக்கும். தமிழ்நாட்டில் 1981 இல் இயற்றப்பட்ட பிழைப்பூதியச் சட்டம் 180 நாட்களுக்குப் பின் முழு ஊதியத்துக்கே வழிசெய்தது. இத்தொகை ஏன் இன்றியமையாதது என்பதைப் பாரத் தங்கச் சுரங்க வழக்கு (1999) விளக்குகிறது.

கோலார் தங்கவயலில் பாதுகாப்பு அலுவலராக இருந்த ஒருவரின் வீட்டில் 1985 சூனில் காவல்துறை சோதனையிட்டு, 4.5 கிராம் எடையுள்ள தங்க உருண்டையும் தங்கம் கலந்த 1,276 கிராம் மணலும் கிடைத்ததாகக் கூறியது. அவர் தற்காலிகமாக நீக்கப்பட்டார். பிழைப்பூதியம் தரப்படவில்லை. கேரளத்தில் இருந்த அவரால் உள்விசாரணைக்காகச் சுரங்கத்துக்குப் பயணம் செய்யப் பணமில்லை, உடல்நலமும் இடங்கொடுக்கவில்லை. விசாரணை அவரின்றியே முடிக்கப்பட்டு, 1986 சூனில் பணி பறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு குற்றவியல் நீதிமன்றம், சோதனையே மெய்ப்பிக்கப்படவில்லை எனக்கூறி அவரை விடுவித்தது. அப்படியும் நிர்வாகம் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. பிழைப்பூதியம் மறுக்கப்பட்டவர் விசாரணைக்கு வர இயலாமற்போனால் அவ்விசாரணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1999 மார்ச்சில் தீர்ப்பளித்தது. பட்டினி கிடப்பவரிடம் எதிர்வாதம் செய்ய வா என்பது வெறும் சடங்கு என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள். அவர் வென்ற இரண்டே ஆண்டுகளில், 2001 பிப்ரவரி 28 அன்று, அந்தச் சுரங்கமே மூடப்பட்டது. அங்கு தலைமுறைகளாக வேலை செய்துவந்த தமிழ்க் குடும்பங்கள் பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலில் சென்று வேலை தேடும் நிலை அதன்பின் உருவானது.

முற்றாக நீக்கப்பட்டவருக்குப் பிழைப்பூதியம் இல்லை. தொழிலாளர் நீதிமன்றத்தில் அவர் வென்று, நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்கோ உச்ச நீதிமன்றத்துக்கோ மேல்முறையீடு செய்தால் மட்டும், கடைசியாகப் பெற்ற ஊதியத்தை மாதந்தோறும் தரவேண்டும் என்று 17பி பிரிவு விதித்தது. இப்பிரிவு 1982 திருத்தத்தின் வழி வந்தது. புதிய சட்டத்திலும் உண்டு. வேறெங்கும் வேலையில் இல்லை என்று தொழிலாளர் உறுதிமொழி ஆவணம் அளிக்கவேண்டும். "கடைசியாகப் பெற்ற ஊதியம்" என்பது நீக்கப்பட்ட நாளில் பெற்ற ஊதியமே, இன்று பெறக்கூடியதன்று என்று டேனா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் பொருள் கூறியது. ஆகையால் 1990 இல் நீக்கப்பட்டவர் 2005 இலும் 1990 ஆம் ஆண்டுச் சம்பளத்திலேயே வாழவேண்டும். நிர்வாகம் இறுதியில் வென்றாலும் இத்தொகையைத் திருப்பிக் கேட்க இயலாது என்பது அதே தீர்ப்பின் நற்பக்கம்.

தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக் கழகம் 2005 ஏப்ரல் முதல் இராசீவ் காந்தி தொழிலாளர் நலத் திட்டத்தையும், 2018 சூலை முதல் அடல் காப்பீட்டாளர் நலத் திட்டத்தையும் நடத்தியுள்ளது. வேலையிழந்தோருக்கு ஊதியத்தில் ஒரு பங்கு இவற்றில் வழங்கப்பட்டது. பின்னதில் அது 25 விழுக்காடாகத் தொடங்கி 2020 இல் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. வாழ்நாளில் ஒருமுறை, 90 நாட்கள் வரை. ஆனால் ஒழுங்கு நடவடிக்கையால் வேலை இழந்தவர்கள் இத்திட்டங்களில் சேர்க்கப்படவில்லை. அக்குற்றச்சாட்டு பொய் என்று பின்னாளில் தீர்ப்பு வரலாம். பசிக்கும் மாதத்தில் அதனால் பயனில்லை. இடைவெளிகளுள் இதுவே பெரியது எனலாம். எஞ்சுவது வருங்கால வைப்பு நிதி. 2018 டிசம்பர் திருத்தம் ஒரு மாதம் வேலையின்றி இருப்பவர் 75 விழுக்காட்டை எடுக்க இடமளித்தது. விதிகள் அதன்பின்னும் மாறிவந்துள்ளன.

இடைக்கால வேலையும் பின்ஊதியமும்

நீக்கப்பட்டவர் வேறு வேலைக்குப் போகலாமா என்பது அடிக்கடி எழும் ஐயம். போகக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை; வேறு வேலை பார்த்ததால் மீண்டும் பணியமரும் உரிமை அழிவதுமில்லை. பாதிக்கப்படக்கூடியவை இரண்டு: 17பி ஊதியமும், இறுதித் தீர்ப்பில் கிடைக்கும் பின்ஊதியமும். உழைத்துப் பிழைத்தவர் இழக்கிறார், சும்மா இருந்தவர் பெறுகிறார் என்ற முரண் இதில் உண்டென்பதை மறுப்பதற்கில்லை.

நீதிமன்றங்கள் இம்முரணைப் பல காலமாகச் செப்பனிட முயன்றுள்ளன. இந்துஸ்தான் டின் ஒர்க்ஸ் வழக்கில் (1978) உச்ச நீதிமன்றம், நீக்கம் செல்லாதெனில் முழுப் பின்ஊதியம் இயல்பான விளைவு என்று கூறி, நிறுவனத்தின் நிதிநிலை கருதி 75 விழுக்காடு வழங்கியது. 1984 இல் வந்த தில்லி வழக்கொன்று இன்னும் தெளிவானது. நீக்கப்பட்டவர் வேறு போக்கிடமின்றிக் குடும்பத்துடன் மாமனார் வீட்டில் தங்கி, அவருடைய நிலக்கரிக் கடையில் உதவிசெய்து வந்தார். இது வருவாய் தரும் வேலை என்று நிர்வாகம் வாதிட்டது. அப்படியானால் உயிர் வாழப் பிச்சையெடுப்பதையும் வேலை என்று சொல்லலாமே என்று நீதிமன்றம் கேட்டு, முழுப் பின்ஊதியத்தை அளித்தது.

1990களின் இறுதிக்குப் பின் போக்கு மாறியது. பின்ஊதியம் தானாக வராது, மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளருடையது என்ற தீர்ப்புகள் மிகுந்தன. நாட்கூலிப் பணியாளர்களுக்கு மீண்டும் வேலைக்குப் பதிலாக ஒட்டுமொத்தத் தொகை தருவது வழக்கமாயிற்று. 2009 இல் அரியானா வேளாண் விற்பனை வாரிய வழக்கில் அத்தொகை 50,000 ரூபாய்; 2013 இல் பாரத் சஞ்சார் நிகாம் வழக்கொன்றில் 3 இலட்சம் ரூபாய்.

2013 ஆகத்தில் மகாராட்டிர ஆசிரியை ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் முந்தைய தீர்ப்புகளை விரிவாக ஆராய்ந்து நெறிகளை வகுத்தது. அவர் 2007 இல் நீக்கப்பட்டு, 2009 இல் பள்ளித் தீர்ப்பாயத்தில் வென்று, பின்ஊதியத்தை மட்டும் உயர் நீதிமன்றத்தில் இழந்திருந்தார். வேலை இல்லை என்றோ, குறைந்த ஊதியத்துக்கு வேலை பார்த்ததாகவோ பணியாளர் உறுதிமொழி அளித்தால் போதும். அவர் முன்பு பெற்ற அளவுக்குச் சம்பாதித்தார் என்பதை மெய்ப்பிக்கும் சுமை அதன்பின் நிர்வாகத்தையே சேரும் என்பது அந்நெறிகளுள் முதன்மையானது. குறைந்த கூலிக்குக் கிடைத்த வேலையை மறைக்கவேண்டிய தேவையை இத்தீர்ப்பு பெருமளவு போக்கியது. வருவாயை மறைத்துப் பொய்யுறுதி அளித்தவர்கள், வென்ற வழக்கையும் கெடுத்துக்கொண்ட நிகழ்வுகள் உண்டு.

புதிய வேலை

நீக்கப்பட்டவர் வேறு நிறுவனத்தில் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்பது. நடுவண் மாதிரி நிலையாணைகள், நிலையான தொழிலாளர் நீக்கப்படும்போதும் பணிச் சான்றிதழ் பெற உரிமையுடையவர் என்கின்றன. இது நன்னடத்தைச் சான்று அன்று. இன்ன காலம் இன்ன வேலையில் இருந்தார் என்பதற்கான சான்று. தகவல் தொழில்நுட்பத் துறையில் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் சேர்வது கடினம். 2006 இல் நாஸ்காம் அமைப்பு தொடங்கிய தேசியத் திறன் பதிவேடும், 2014 முதல் வழங்கப்பட்ட வைப்பு நிதிப் பொது எண்ணும் ஒருவரின் பணி வரலாற்றைப் பிற நிறுவனங்கள் சரிபார்க்க உதவின. எனவே, இடைப்பட்ட வேலையொன்றை விண்ணப்பத்தில் விட்டுவிடுவது முன்பு எளிதாக இருந்ததுபோல் இன்றில்லை. வழக்கு நிலுவையில் உள்ளது, நீக்கத்தை ஏற்கவில்லை என்று சுருக்கமாகக் கூறுவதே மறைப்பதைவிடப் பாதுகாப்பானது; மறைத்தது தெரியவந்தால் அதுவே இரண்டாவது நீக்கத்துக்குச் செல்லத்தக்க காரணமாகிவிடும்.

தொழிற்பேட்டைகளில் நிலைமை வேறு. சங்கம் அமைத்ததற்காக நீக்கப்பட்டவரின் பெயர் அக்கம்பக்கத்து ஆலைகளுக்கு எழுத்தின்றியே பரவிவிடுகிறது. அத்தகையோர் ஊர் மாறுவதோ, ஓட்டுநர், மின்பணியாளர், சிறுகடைக்காரர் எனத் தொழில் மாறுவதோ வழக்கம். திறன் வாய்ந்த கடைசல் இயக்குநர் ஒருவர் பத்தாண்டு ஆட்டோ ஓட்டிவிட்டு வழக்கில் வென்று திரும்பும்போது, அவர் அறிந்த எந்திரம் ஆலையில் இருப்பதில்லை. புதிய தொகுப்புச் சட்டம் ஆட்குறைப்புக்கு உள்ளானோருக்கு 15 நாள் ஊதியத்துக்கீடான தொகையை மறுதிறன் நிதியிலிருந்து 45 நாட்களுக்குள் அளிக்க விதிசெய்துள்ளது. தண்டனையாக நீக்கப்பட்டோருக்கு இதுவும் இல்லை.

உளநிலை

வேலையிழப்பின் உளத்தாக்கம் பற்றிய பழம்பெரும் ஆய்வு, ஆசுத்திரியாவில் வியன்னா அருகே மரியன்தால் என்னும் சிற்றூரில் நிகழ்த்தப்பட்டு 1933 இல் வெளியானது. ஊரின் ஒரே ஆலை மூடப்பட்டபின் மரீ யகோடாவும் உடன் ஆய்வாளர்களும் அங்கு மக்களின் நாட்களை நுணுகிக் கவனித்தனர். ஓய்வு மிகுந்திருந்தும் நூலகத்தில் நூல் எடுப்போர் குறைந்தனர். ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே குறைந்தது. வேலை ஊதியத்தோடு நாளுக்கு ஒழுங்கையும் பிறரோடு தொடர்பையும் தருகிறது என்று யகோடா பிற்காலத்தில் விளக்கினார். முறையற்ற பணிநீக்கத்தில் இவற்றோடு அவமதிப்பும் சேர்கிறது. ஊரார் முன் திருடனென்றோ திறமையற்றவரென்றோ பெயர் பெற்றவர், காலையில் வழக்கம்போல் சாப்பாட்டுப் பையுடன் கிளம்பிப் பூங்காவில் பொழுதைக் கழித்து மாலையில் திரும்புவதுண்டு. வீட்டாரிடம் மறைக்கும் காலம் நீளும்போது கடனும் நீள்கிறது. சங்கக் கூட்டம், வழக்கு நாள், பகுதிநேர வேலை என எதுவாயினும் நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தருவன தாங்கும் ஆற்றலைக் கூட்டுகின்றன. நடுவண் அரசின் டெலி-மானசு உளநல உதவி எண் (14416) 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது, தமிழிலும் பேசலாம்.

தமிழ்நாட்டில் பெருந்திரள் நீக்கங்கள்

2003 சூலையில் ஓய்வூதியப் பயன்கள் குறைக்கப்பட்டதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் ஏறத்தாழ 1,70,000 பேரை, இன்றியமையாப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தையும் அதைத் திருத்திய அவசரச் சட்டத்தையும் கொண்டு செ. செயலலிதா தலைமையிலான அரசு நீக்கியது. விசாரணை ஏதும் நடத்தப்படவில்லை. உச்ச நீதிமன்றத்தின் யோசனைப்படி, மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதித் தந்த பெரும்பாலோர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். ஆகத்து 6 அன்று வந்த இறுதித் தீர்ப்பு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றது. வேலை திரும்பக் கிடைத்தும் உரிமை பறிபோனது என்று சங்கங்கள் இத்தீர்ப்பைக் கண்டித்தன. எஞ்சிய தண்டனைகளை 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பின் அரசே விலக்கிக்கொண்டது.

மக்கள் நலப் பணியாளர்களின் வரலாறு இதனினும் நெடியது. ஊராட்சிகளில் பணியாற்றப் படித்த இளைஞர்கள் 1989 இல் தி.மு.க. ஆட்சியில் அமர்த்தப்பட்டனர். அ.தி.மு.க. ஆட்சியில் 1991 இல் பணியிடங்கள் கலைக்கப்பட்டன. 1997 இல் மீண்டும் வேலை. 2001 இல் மீண்டும் கலைப்பு. 2006 இல் மறுபடி வேலை. 2011 நவம்பரில் ஏறத்தாழ 13,500 பேர் மூன்றாம் முறையாக வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். இருபதுகளில் சேர்ந்தவர்கள் அப்போது நாற்பதைக் கடந்திருந்தனர். வேறு அரசு வேலைக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது. 2014 இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தும், உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2022 இல் அரசு, ஊரக வேலை உறுதித் திட்டத்தில் பணி ஒருங்கிணைப்பாளர்களாக மாதம் 7,500 ரூபாய் மதிப்பூதியத்தில் சேர வாய்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் அவ்வேற்பாட்டை ஏற்று வழக்கை முடித்தது. சட்டத்தின் மொழியில் இது பணியிடக் கலைப்பே அன்றிப் பணிநீக்கம் அன்று. யாரும் தவறு செய்ததாகக் குற்றம் சாட்டப்படவில்லை என்பதால், மறுத்து வாதிட அவர்களிடம் எதுவும் இல்லாமற்போனது.

பிற நாடுகள்

பிரித்தானியாவில் முறையற்ற பணிநீக்கம் என்ற கருத்து 1971 ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத்தால் வந்தது. அமெரிக்காவில் விருப்பப்படி நீக்கும் கோட்பாடே பொதுவிதி. இனம், பால் போன்ற காரணங்களுக்காக நீக்குவது தடைசெய்யப்பட்டுள்ளது. தகுந்த காரணமின்றி நீக்கலாகாது என்னும் பன்னாட்டுத் தொழில் அமைப்பின் 158 ஆம் உடன்படிக்கையை (1982) இந்தியா ஏற்கவில்லை. இலங்கையில் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம், ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த பணிமுடிவுக்குத் தொழிலாளியின் ஒப்புதலையோ தொழில் ஆணையாளரின் அனுமதியையோ வேண்டுகிறது. ஆயினும் 1980 சூலை வேலைநிறுத்தத்தில் பங்குகொண்ட ஏறத்தாழ 40,000 பேர் சே. ஆர். செயவர்த்தனா அரசால் ஒரே வீச்சில் வேலையிழந்தனர். அவர்களுள் பலர் சிங்களவரும் தமிழருமாகச் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் மறுநியமனம் கோரிவந்தனர்.